பாட்டுக்கு அடியில் அக்காவின் குரல்

வெகுநேரம் ஓடிய டேப் ரிக்கார்டரின் மூடியைத் திறந்தால் சூடான பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடிக்கும்; கருணாபுரத்தில் நாங்கள் இருந்த அந்தக் கோடை எனக்கு அந்த வாடையோடுதான் நினைவிருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு வீட்டிலிருந்த என் அக்கா செல்வி, பாட்டுக்குள் காதுக்கு எட்டாதபடி ஒரு சொல்லை ஒளித்துவைத்தால் கேட்பவர் அதன்படியே நடப்பார் என்று ஏதோ பத்திரிகையில் படித்துவிட்டாள். எங்கள் அப்பா மூட்டை தூக்கினவர். சாயங்காலமானால் மலையிலிருந்து இறங்கும் "பாக்கெட்" சாராயத்தைக் குடித்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்.

முதலில் சோதித்துப் பார்க்கலாம் என்றாள் அக்கா. பக்கத்து வீட்டு டேப்பை இரவல் வாங்கி அதில் பாட்டை ஓடவிட்டு, எங்கள் டேப்பில் பதிந்துகொண்டே, "தண்ணி குடி, தண்ணி குடி" என்று கிசுகிசுத்தாள். அதைப் போட்ட கொஞ்ச நேரத்தில், அப்போதுதான் வந்திருந்த அத்தை தண்ணீர் கேட்க, நாங்கள் கட்டிப்பிடித்துக் குதித்தோம். சித்திரை வெயிலில் நடந்து வந்தவர் வேறென்ன கேட்பார் என்று எங்களுக்குத் தோன்றவேயில்லை.

அடுத்து, அப்பாவுக்குப் பிடித்த பாட்டுகளுக்கு அடியில் "குடிக்காதப்பா" என்று பதிந்தாள். காலையில் அவர் சவரம் செய்யும்போது அதைப் போடுவோம். கூடவே முணுமுணுத்தபடி வேலைக்குக் கிளம்புவார், சாயங்காலம் தள்ளாடிக்கொண்டே வருவார். பிறகு ஒரு வாரம்போலக் குடிக்காமல் வந்தார். அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

அம்மாதான் சொன்னாள்: "அவுருக்கு வவுத்துல எதுவும் தங்கல, அதான் குடிக்கல. கண்ணெல்லாம் மஞ்சளா கீதே, பாக்கலியா நீங்க?"

ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அக்கா டேப்பை அங்கேயும் தூக்கிவந்து, கட்டிலருகே வைத்துச் சன்னமாகப் போட்டாள். வயிறு வீங்கிக் கிடந்த அப்பா, நிறுத்தச் சொல்லிக் கையாட்டினார்.

"மொத நாளே கேட்டுச்சிம்மா. ஒங் கொரலு எனக்குத் தெரியாதா? அதக் கேட்டுக்கினேதான் தெனமும் போனேன்."

அக்கா டேப்பை நிறுத்தினாள். ஆடி பிறக்குமுன் அப்பா போய்விட்டார்.

கேசட்டுகளை இப்போது யாரும் தேடுவதில்லை. டேப் பழுது பார்த்த கடையில் செல்போன் விற்கிறார்கள். எலவனாசூர்கோட்டையில் வாழ்க்கைப்பட்ட அக்கா, கல்யாண வீட்டில் ஸ்பீக்கர் பாடினால் எழுந்து வெளியே போய்விடுவாள். சமீபத்தில் அவள் வீட்டுக்குப் போயிருந்தபோது, அவளுடைய வளர்ந்த மகன் பட்டப்பகலில் குடித்துவிட்டு வந்து சாப்பிட உட்கார்ந்தான்.

"நீ ஒரு வார்த்த சொல்லக்கூடாதாக்கா?" என்றேன்.

"அவனுக்குக் காது நல்லாத்தான் கேக்குது" என்று சொல்லிவிட்டு, அக்கா அவன் தட்டில் சோற்றைப் போட்டாள்.