கண்ணாடி டம்ளரில் கரை மண்

திருக்கழுக்குன்றத்தில் உரக்கடை வாசலில் நின்றுகொண்டிருந்தபோது கன்னியப்பன் போன் செய்தார். எங்கள் ஏரிக்கு லஸ்கர் அவர். மதகைத் திறப்பதும் மூடுவதும் அவர் வேலை. “அண்ணாத்த, சேதி தெரியுமா? தமிழரசி மேடம் காலீல தவறிட்டாங்களாம். மாரடைப்பாம். அணுபுரத்துல வூட்லதான் வெச்சிகீறாங்க.” வாங்கிய யூரியா மூட்டையைக் கடையிலேயே போட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். அங்கே போய் அழுதேன். அவரோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான் என்பதால் என் அழுகையைச் சிலர் விநோதமாகப் பார்த்தார்கள்.

இந்த இரங்கல் கூட்டத்துக்கு வந்திருக்கும் உங்களில் பலர் பொறியாளர் தமிழரசியை அலுவலகத்தில் பார்த்திருப்பீர்கள். நான் பார்த்தது ஏரிக்கரையில். அவருக்கு முன்னால் வந்தவர்கள் ஜீப்பில் இருந்தபடியே கரையைப் பார்த்து, பதிவேட்டில் ‘நலம்’ என்று எழுதிவிட்டுப் போவார்கள். எங்களுக்கும் அது வசதியாக இருந்தது. இந்த அம்மா வந்த முதல் நாளே குடையை ஊன்றிக்கொண்டு கரைக்கு அந்தப் பக்கம், ஊர்ப் பக்கச் சரிவில் இறங்கினார். ஒரே முள்ளுப் புதர். வெட்டித் தந்தால்தான் கையெழுத்துப் போடுவேன் என்று நின்றார். “கண்ணால பாக்காதத நான் எழுத மாட்டேன் அண்ணாச்சி” என்றார். திருநெல்வேலிக்காரர். எங்கள் பக்கம் அண்ணாச்சி என்றால் மளிகைக் கடைக்காரர். பாசன சங்கத் தலைவரான என்னை இரண்டு வருடம் ஊரே அண்ணாச்சி என்று கிண்டல் செய்தது.

அவர் வந்த வருடம் ஐப்பசியிலேயே ஏரி நிரம்பிவிட்டது. நிரம்பினால் மிச்சத் தண்ணீர் கலங்கல் வழியாக வழிந்து போய்விடும். கண்ணெதிரே கடலுக்குப் போகும் தண்ணீரைப் பார்க்க எந்த விவசாயிக்கு மனசு வரும்? கலங்கல் மேல் இரண்டு வரிசை மணல் மூட்டை அடுக்கினோம். ஒரு அடி தண்ணீர் கூடுதலாக நின்றால், பங்குனியில் அறுக்கும் நவரைப் பயிர் கடைசிவரை தப்பிக்கும். காலம் காலமாகச் செய்வதுதான். அடுக்கச் சொன்னவன் நான்.

மறுநாளே வந்துவிட்டார். “மூட்டைய எடுங்க அண்ணாச்சி. இந்தக் கரை இவ்வளவு தண்ணியத் தாங்காது.”

“இன்னா மேடம், எங்க ஏரி, எங்க தண்ணி. நீங்க இன்னாத்துக்குப் பேஜாரு பண்றீங்க? உங்க வூட்ல இருந்தா கொண்டாந்தீங்க?” என்று கேட்டுவிட்டேன். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் கோபப்படவில்லை. மதகுக்குப் பக்கத்தில் கரையடியில் ஓர் இடம் ஈரமாகக் கசிந்துகொண்டிருந்தது. கரையிலிருந்து இறங்கினால் முதல் வீடு எங்களுடையது. என் மனைவியிடம் ஒரு கண்ணாடி டம்ளர் கேட்டு வாங்கி, அந்தக் கசிவுத் தண்ணீரைப் பிடித்து எங்கள் ஜன்னலில் வைத்தார். “தெளிஞ்சு இருந்தா பயமில்ல. அடியில மண்ணு தங்குச்சுன்னா கரைக்குள்ள இருந்து மண்ணு கிளம்பிட்டுன்னு அர்த்தம். அப்புறம் நாள் கணக்கில்ல, மணிக் கணக்குதான்.” தினமும் மாலையில் புதிதாகப் பிடித்து வைப்பார், மறுநாள் காலை வந்து பார்ப்பார். மூன்று நாள் தெளிவாக இருந்தது. நான் மீசையை முறுக்கிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டே ஜன்னலைப் பார்த்தேன். டம்ளரின் அடியில் அரை விரல் கனத்துக்குச் செம்மண்.

இதுவரை என் மனைவிக்குக்கூடச் சொல்லாததை இப்போது சொல்கிறேன். அந்த டம்ளரைக் கழுவினேன். பஞ்சாயத்துக் குழாயில் தண்ணீர் பிடித்து அதே இடத்தில் வைத்தேன். கரைக்குக் கீழே என் வீடு இருக்கிறது, தங்கை வீடு இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது. எல்லாம் தெரியும். ஆனாலும் நாற்று விட்டாயிற்று, இன்னும் நாலு நாள் போகட்டும் என்று என் புத்தி சொன்னது. புத்தியா அது?

மேடம் வந்தார். டம்ளரை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு மூக்கருகே கொண்டுபோனார். குழாய்த் தண்ணீரின் பிளீச்சிங் பவுடர் வாசனை. என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலில் ஊரார் பத்துப் பேர் நின்றிருந்தார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும், அதற்குப் பிறகு அந்த ஊரில் நான் தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியாது. அவர் டம்ளரைக் கவிழ்த்துக் கொட்டி என் கையில் கொடுத்தார். “இன்னொரு தடவ பாத்துருவோம். நீங்களே பிடிச்சிட்டு வாங்க அண்ணாச்சி.”

போனேன். கசிவு இப்போது கட்டைவிரல் பருமனுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பிடித்த தண்ணீர் டீ மாதிரி இருந்தது. அதை எடுத்துக்கொண்டு நேராகக் கலங்கலுக்கு ஓடி, முதல் மூட்டையை நானே இழுத்துத் தள்ளினேன். “இன்னாயா பாத்துகினு நிக்கிறீங்க? கரை போவுதுடா, வாங்கடா!” என்று கத்தினேன். கன்னியப்பன் மதகை முழுக்கத் திறந்தார். அதே மூட்டைகளை மேடம் சொன்னபடி கசிவைச் சுற்றி அடுக்கினோம். சாயங்காலத்துக்குள் தண்ணீர் இறங்கியது, கசிவும் தெளிந்தது. கரை நின்றது. நவரையில் என் அரைக் காணி காய்ந்தது. போகட்டும்.

பிறகு மேடம் பதிவேட்டைத் திறந்து எழுதி என்னிடம் கையெழுத்துக் கேட்டார். ‘கசிவில் மண் வருவதைச் சங்கத் தலைவரே முதலில் கண்டு தெரிவித்து, மூட்டைகளைத் தாமாக முன்வந்து அகற்றினார்.’ நான் அவர் முகத்தைப் பார்த்தேன். “போடுங்க, நேரமாச்சு” என்றார். போட்டேன். ஓய்வு பெறும்வரை அதைப் பற்றி ஒரு சொல் பேசவில்லை. ஒவ்வொரு மழைக்கும் வந்தார், நான் டம்ளர் எடுத்துக் கொடுத்தேன், இருவரும் சேர்ந்தே கரையடியில் நடந்தோம்.

அந்த டம்ளர் இன்னும் எங்கள் ஜன்னலில்தான் இருக்கிறது. இந்த மழைக்கும் நான்தான் பிடித்து வைக்கிறேன். கண்ணால் பார்க்காததை எழுதாத அந்த அம்மா, எனக்காக ஒரே ஒரு பொய் எழுதினார். அவர் பதிவேட்டில் அப்படி ஒரு வரி இருக்கக்கூடாது. மண்ணை முதலில் பார்த்தது நான்தான். பார்த்துவிட்டுக் கழுவி ஊற்றினேன்.