நாத்தனார் ஊருக்குப் போன நாரைகள்

கலியம்மாளுக்கு இருக்கும் வாய் எங்கள் ஊரில் வேறு யாருக்கும் கிடையாது. எதிர் வீட்டுக்காரி பொன்னம்மாள் நான் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வாயைக் கேட்டுத்தான் எனக்குப் பொழுது விடிகிறது.

அவள் வீட்டுக் கொல்லையில் பெரிய புளியமரம் ஒன்று உண்டு. ஐப்பசி பிறந்தால் ஏரிக்கு வரும் நாரைகளில் பாதி அந்த மரத்தில்தான் கூடு கட்டும். கலியம்மாள் கைக்குழந்தையோடு இருந்த காலத்தில் எங்கள் ஏரியைப் பறவைகள் சரணாலயம் என்று அறிவித்தார்கள். அன்றோடு ஏரியில் வலை போடக் கூடாது, கரையில் கருவேலமுள் வெட்டக் கூடாது. குஞ்சுகள் பயந்து விழுகின்றன என்று ஊர்க்கூட்டம் போட்டு, வெடி வெடிப்பதை நாங்களே நிறுத்திக்கொண்டோம். தீபாவளி, திருவிழா, கல்யாணம் எதற்கும் வெடி கிடையாது.

கலியம்மாள் அதற்கு ஒத்துக்கொண்டாளே தவிர, திட்டுவதை நிறுத்தவில்லை. "பெத்த புள்ளைக்கு ஒரு மத்தாப்பு கொளுத்திக் குடுக்க வழியில்ல. இந்தச் சனியனுங்களுக்காவ ஊரே வாயப் பொத்திக்கிட்டு கெடக்கணுமாம்!" என்று துணி துவைத்துக்கொண்டே கத்துவாள். காயப்போட்ட சேலையில் எச்சம் விழுந்துவிட்டால் அன்றைக்குப் புளியமரத்துக்கு அர்ச்சனைதான். மகள் இலக்கியாவுக்கு மஞ்சள் தண்ணி ஊற்றியபோது தாய்மாமன் சீர் சாவு வீட்டுக்கு வருவதுபோலச் சத்தமில்லாமல் வந்தது என்று இன்றைக்கும் சொல்லிச் சொல்லி மூக்கைச் சிந்துவாள்.

ஆனால் மரத்திலிருந்து குஞ்சு விழுந்தால் முதலில் ஓடுவதும் அவள்தான். திருச்சியிலிருந்து பள்ளிக்கூடப் பிள்ளைகள் பைனாகுலரோடு வந்து இறங்கினால், உள்ளே போய் முகம் கழுவிப் பொட்டு வைத்துக்கொண்டு வந்து கொல்லையில் நிற்பாள். "எங்க வூட்டு மரந்தான் சார்" என்பாள். எனக்கு வயிறு பற்றி எரியும். என் வீட்டு வேம்பு மட்டும் என்ன சின்ன மரமா? ஒரு நாரை வந்து கால் வைத்ததில்லை.

இந்த வருஷம் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரத் தாமதமாகிவிட்டது. தண்ணீர் வந்து கரையைத் தொட்ட பிறகும் பறவைகள் வரவில்லை. "அப்பாடா, இப்பதான் சேல சேலயா இருக்கு" என்று கலியம்மாள் முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. கொல்லைக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தாள்.

அவள் புருஷன் ராசாங்கம், தங்கச்சி ஆண்டாயியைப் பார்க்கப் போய்விட்டு வந்து சேதி சொன்னார். "அவ ஊரு ஏரி முன்னாடியே ரொம்பிடுச்சி. நாரையெல்லாம் அவ வூட்டு ஆலமரத்துல ஒக்காந்திருக்கு. கூடே கட்டிடுச்சிவோ."

கலியம்மாள் கையிலிருந்த சொம்பைக் கீழே போட்டாள். ஆண்டாயி ஊர் ஏரிக்கு எந்தக் கட்டுப்பாடும் இல்லை. கோடையில் ஊரே இறங்கி மீன் பிடிக்கும். தீபாவளிக்கு அவர்கள் போடும் வெடி எங்கள் ஊர்வரைக்கும் கேட்கும்.

"இத்தன வருசமா வெடி போடாம பொத்திப் பொத்தி வச்சது நானு. வெடிச்சிக் கொண்டாடுனவ மரத்துல போயிக் கூடு கட்டுறாளுவளா? நன்றி கெட்ட கழுதைங்க!" என்றாள். அழுதுவிடுவாள் போலிருந்தது. உள்ளதைச் சொன்னால் எனக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாகத்தான் இருந்தது. இப்போது அவள் மரமும் என் மரமும் ஒன்று.

தீபாவளிக்கு முதல் நாள் நாத்தனாருக்குப் பிறந்த வீட்டுச் சீர் கொண்டுபோவது வழக்கம். துணைக்கு என்னையும் கூப்பிட்டாள். புடவை, முறுக்கு, அதிரசம் மட்டும் இருக்கிற பை அவ்வளவு கனக்காது. பிரித்துப் பார்த்தேன். அடியில் முழுக்க அணுகுண்டும் சரவெடியும்.

"அடிப் பாவி!" என்றேன்.

"சீரு குடுக்குறதுல என்னடி பாவம்? அவ வூட்டுப் புள்ளைவோ கொளுத்தும். நாரைவோ தானா எங்கிட்ட வந்துரும். வாய மூடிக்கிட்டு வா."

பக்கத்து ஊர்தான் என்றாலும் நேர் பஸ் கிடையாது; கீழப்பழுவூரில் மாறிப் போய்ச் சேர்ந்தோம். ஆலமரம் வெள்ளை வெளேரென்று இருந்தது. யாரோ இரண்டு பேர் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பளிச்சென்று பொட்டு வைத்துக்கொண்டு ஆண்டாயி பக்கத்தில் நின்றாள். "எங்க வூட்டு மரந்தாங்க" என்றாள். கலியம்மாளின் கை என் முழங்கையை இறுக்கியது.

"வாங்கண்ணி" என்று ஆண்டாயி ஓடி வந்தாள். பையை வாங்கி ஒவ்வொன்றாக எடுத்து வைத்தாள். வெடியைப் பார்த்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"அய்யய்யோ, இது வேணாண்ணி. இந்த வருசம் எங்க ஊருலயும் வெடி கெடையாது. நாந்தான் ஊருல ஒவ்வொரு வூடா ஏறி எறங்கிச் சொல்லிட்டு வந்தேன். உங்களப் பாத்துக் கத்துக்கிட்டதுதான்." வெடியை மறுபடி பையில் வைத்துக் கலியம்மாள் மடியிலேயே வைத்தாள். "நீங்களே எடுத்துட்டுப் போங்க. இப்பதான் உங்க ஊருல நாரை இல்லையே. நம்ம புள்ளைவோ ஆச தீர வெடிக்கட்டும்."

அவள் குத்திச் சொல்லவில்லை. அதுதான் வேதனை. குத்தியிருந்தால் கலியம்மாள் பதிலுக்கு நாலு வார்த்தை கேட்டுவிட்டு நிம்மதியாக வந்திருப்பாள்.

ஊரில் இறங்கியதும் பையைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் கூடிவிட்டார்கள். ராசாங்கமே, "மரத்துலதான் ஒண்ணும் இல்லையே, இந்த வருசமாவது வெடிக்கட்டுமே" என்றார். நாலைந்து பேர் ஆமாம் போட்டார்கள்.

கலியம்மாள் நேராகக் கொல்லைக்குப் போனாள். மாட்டுத் தொட்டித் தண்ணீரில் பையைக் கவிழ்த்தாள். மேலே மிதந்ததையெல்லாம் கையால் அழுத்தி முக்கினாள். பிள்ளைகள் கத்தினார்கள்.

"பைத்தியமாடி ஒனக்கு? யாருக்காவ இதெல்லாம்? மரத்துல ஒரு குஞ்சுகூட இல்ல" என்றேன்.

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். கண் சிவந்திருந்தது.

"இங்க ஒரு வெடிச்சத்தம் கேட்டாப் போதும், அதுவோ அவகிட்டயே தங்கிடும். ஒரு தீபாவளிக்கு வெடி போடாம இருக்கறதுக்கே அவளுக்கு இத்தன பெரும. எத்தன தீபாவளிக்குத் தாங்குறான்னு நானும் பாக்குறேன்."