சீட்டுக்காக பீச் வரை

அந்தக் கோடை விடுமுறையில் என்னை எழும்பூரில் ஓவிய வகுப்பில் சேர்த்துவிட்டார்கள். வீட்டில் என் வாயை மூட வேறு வழி தெரியவில்லை என்பதுதான் உண்மைக் காரணம். சித்தப்பாவின் ஆபீஸ் அதே தெருவில் இருந்தது. அதனால் சாயங்காலம் மின்சார ரயிலில் என்னை மாம்பலத்துக்கு அழைத்து வருவது அவர் பொறுப்பு.

ஆபீஸ் விடும் நேரத்தில் தாம்பரம் வண்டி எழும்பூருக்கு வரும்போதே பிதுங்கிக்கொண்டு வரும். சித்தப்பா அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தார். எதிர்ப்பக்கம், கடைசி ஸ்டேஷனான பீச்சுக்குப் போகும் வண்டியில் ஏறிவிடுவார். பீச்சில் எல்லாரும் இறங்குவார்கள், நாங்கள் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருப்போம். அதே வண்டிதான் எழும்பூர், மாம்பலம் வழியாகத் தாம்பரத்துக்குத் திரும்பும். இதற்காகவே இரண்டு பேருக்கும் பீச் வரை சீசன் டிக்கெட் எடுத்திருந்தார். பிளாட்பாரத்துக் கூட்டம் முண்டியடித்து ஏறுவதை ஜன்னலோரத்தில் வேர்க்கடலை தின்றுகொண்டே வேடிக்கை பார்க்கும் சுகம் இருக்கிறதே, அப்பப்பா!

ஆனால் அந்தச் சுகம் சித்தப்பாவுக்கு இரண்டே ஸ்டேஷன்தான். பார்க் ஸ்டேஷனில் ஒரு அக்கா ஏறுவாள். அப்போது எனக்கு அவள் அக்காதான். சித்தப்பா சட்டென்று எழுந்து, உட்காருங்க என்பார். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. அடுத்த ஸ்டேஷன் எழும்பூர். எங்கே ஏறினோமோ அதே எழும்பூரில், இத்தனை பாடுபட்டுவிட்டு, கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

ஒரு நாள் பொறுக்க முடியாமல் அக்காவிடமே கேட்டுவிட்டேன்.

"லேடீஸ் பெட்டி பக்கத்துலதானே இருக்கு? எங்க சித்தப்பா எழும்பூர்லேர்ந்து பீச்சுக்குப் போய் சீட் பிடிச்சிட்டு வர்றார். நீங்க உட்கார்ந்துக்கறீங்க. அவர் வீட்டுக்கு வந்து காலுக்குத் தைலம் தேய்ச்சுக்கறார்."

அக்கா அவரை நிமிர்ந்து பார்த்தாள். சித்தப்பா ஓடாத மின்விசிறியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பார்க்கில் அக்கா ஏறவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. எனக்கு ஒரே கொண்டாட்டம். சித்தப்பாவோ மாம்பலம் வரை சொகுசாக உட்கார்ந்து வந்தும், பல்லைப் பிடுங்கிக்கொண்டவர்போல இருந்தார். வேர்க்கடலை வாங்கித் தரவில்லை.

"ஏன் பாப்பா அதையெல்லாம் சொன்ன?" என்று மட்டும் மெல்லக் கேட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது.

மூன்றாம் நாள் நாங்கள் பீச்சை நோக்கிப் போய்க்கொண்டிருந்தபோதே, பார்க்கில் அக்கா ஏறினாள். எங்கள் எதிரே காலியாக இருந்த சீட்டில் வந்து உட்கார்ந்தாள்.

"ரெண்டு நாள் லேடீஸ் பெட்டியில போய்ப் பார்த்தேன். சரிப்பட்டு வரல. இனிமே நானும் பீச் போயே திரும்பறேன். நீங்க நிக்க வேண்டாம்" என்றாள். பிறகு என்னைப் பார்த்து, "தைலம் மிச்சம், சரியா?" என்றாள்.

பீச்சில் மூன்று பேரும் அசையவில்லை. வேர்க்கடலை மூன்று பொட்டலமாக வந்தது. ஊமைபோல இருந்த சித்தப்பாவுக்கு எங்கிருந்துதான் அத்தனை பேச்சு வந்ததோ! என்னையே வாயாடி என்பார்கள், எனக்கே இடைவெளி கிடைக்கவில்லை. மாம்பலம் வந்தது. நான் எழுந்து அவர் சட்டையை இழுத்தேன். அவர் பேசிக்கொண்டே இருந்தார். வண்டி கிளம்பிவிட்டது. சைதாப்பேட்டையில் அக்கா இறங்க, நாங்களும் இறங்கி, அடுத்த வண்டி பிடித்து மாம்பலம் திரும்பினோம்.

ஏன் இவ்வளவு நேரம் என்று அம்மா கேட்டாள்.

"ஒரே கூட்டம் அண்ணி, இறங்கவே முடியல."

அம்மா அவர் முகத்தையே பார்த்தாள். "நாளைக்கும் கூட்டம் இருக்குமா?"

"இருக்கும்னுதான் நினைக்கிறேன்."

அம்மா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு உள்ளே போனாள். எனக்கோ சித்தப்பாவை நினைத்துப் பாவமாக இருந்தது. நாளைக்கு கோடம்பாக்கம் வந்ததுமே எழுந்து கதவுகிட்ட நின்னுக்கலாம் சித்தப்பா, என்று அக்கறையாக யோசனை சொன்னேன்.