நாற்பது முதுகுகள்

எனக்கு நாலு லாரி. பண்ருட்டியில் ஒரு பலாப்பழ மண்டி. கடலூரில் ஒரு கல்யாண மண்டபம், ஏசி வைத்தது. படிப்பு? நாலாம் வகுப்பு... அதிலும் பாதி. இவ்வளவும் இந்த ஒற்றைத் தோளில் மூட்டை சுமந்து கட்டியது. 'வாரா வாரம் இந்தப் பத்தியில் இதையே சொல்கிறீர்களே' என்று விருத்தாசலம் வாசகி ஒருவர் எழுதியிருந்தார். சொல்லத்தான் செய்வேன் அம்மா. கட்டியவன் சொல்லாமல் வேறு யார் சொல்வது?

அந்தத் தோள்தான் போன வெள்ளிக்கிழமை மதியம் மண்டியில் என் மானத்தை வாங்கியது. திடீரென்று வலது தோள் காற்றாய்ப் போய்விட்டது. கையிலிருந்த டீ கிளாஸ் கீழே.

"வயசாயிடுச்சு மச்சான்... ஒத்துக்க" என்று பார்ட்னர் சிரித்தான்.

இது எனக்கு அவ்வப்போது வருவதுதான். விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் படத்திறப்பு. முப்பது வருடம் அங்கே மல்யுத்தம் சொல்லிக்கொடுத்த கோச் சிகாமணி, என் பழைய சிநேகிதன். இறந்து ஒரு மாதம் ஆகிறது. என் கார் ஒர்க்‌ஷாப்பில். கடலூர் பஸ் ஸ்டாண்டில் போய் நின்றேன்.

கண்டக்டர் பையோடு வந்தார். உடனே ஏறவில்லை. இடது பாதத்தை வலது கெண்டைக்காலில் ஒரு தேய். வலது பாதத்தை இடது காலில் ஒரு தேய். 'ஹும்' என்று ஒரு மூச்சு. அப்புறம்தான் படியில் கால் வைத்தார்.

"ஏம்பா, நல்ல பேண்ட்ட அழுக்காக்குற?"

"அதுவா பெரியவரே... காலேஜ்ல மல்யுத்தம் பண்ணேன். மேட்ல ஏறுறதுக்கு முன்னாடி இப்பிடிப் பண்ணச் சொல்வாரு எங்க கோச். விட்டு பன்னெண்டு வருஷம் ஆவுது... காலு விடமாட்டேங்குது. கல்யாண மேடையிலயும் தொடச்சேன்னு எங்க ஊட்டுக்காரி இன்னும் கிண்டல் பண்றா."

சிரித்தேன். ஆனால் அந்த 'ஹும்'... எங்கே கேட்டிருக்கிறேன்?

சிதம்பரத்தில் பதினோரு மணி வெயில். தகரக் கூரை போட்ட ஹால், நடுவில் மேட் என்கிற பெரிய மெத்தை விரிப்பு, அதன் எதிர் ஓரத்தில் சிகாமணியின் படம். மாலை போட வேண்டுமென்றால் மேட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். சுவரில் ஒரு பேனர். சிகாமணி வாங்கிய கோப்பைகள், அவர் உருவாக்கிய போலீஸ்காரர்கள், ரயில்வேக்காரர்கள், பி.டி. வாத்தியார்கள். எல்லாவற்றுக்கும் மேலே — 'இடது சாய்வு தந்த மேதை'.

இடது தோளைத் தாழ்த்தி நிற்பது. எதிராளி அந்தப் பக்கம் பலவீனம் என்று நம்பிப் பாய்வான். பாய்ந்தவன் மல்லாந்து கிடப்பான்.

பழைய மாணவர்கள் சுமார் நாற்பது பேர் மேட்டின் ஓரத்தில் வரிசையாய் நின்றார்கள். நான் பின்னால் இருந்தேன். யாரும் சைகை காட்டவில்லை. இடது கால் தேய்ந்தது. வலது கால் தேய்ந்தது. 'ஹும்'. நாற்பது மூச்சும் ஒரே மூச்சு. நாற்பது தோளும் இடப்பக்கம் சரிந்தன.

அந்த முதுகை எனக்குத் தெரியும். என் மகள் கல்யாண வீடியோவில் என்னைப் பின்னாலிருந்து எடுத்திருந்தார்கள். அது என் முதுகு.

வலது தோளில் மூட்டை சுமந்து வளைந்த முதுகு. எலும்பு டாக்டர் எக்ஸ்ரேயைக் காட்டி 'இனி நிமிராது' என்று கைவிட்ட முதுகு!

சிகாமணி காலேஜில் படிக்கும்போது, பலா சீசனுக்கு லோடு ஏற்ற பண்ருட்டிக்கு வருவான். என்னைவிட மூன்று வயது சின்னவன். முதல் நாளே, லாரியில் ஏறச் சாய்த்து வைத்த பலகையில் வழுக்கிப் பழத்தோடு விழுந்தான். பலாப் பிசினும் மண்ணும் உள்ளங்காலில் ஒட்டினால் வழுக்கத்தானே செய்யும்? அதனால்தான் நான் காலைத் துடைத்துக்கொண்டு ஏறுவேன். பாரம் அழுத்தும்போது 'ஹும்' தானாக வரும். "என் பின்னாலயே வாடா" என்று திட்டினேன். இரண்டு சீசன் என் முதுகையே பார்த்துக்கொண்டு ஏறினான். அவ்வளவுதான் விஷயம்.

பக்கத்தில் ஒரு பெண் நின்றாள். அபி. திட்டக்குடிப் பக்கம், இப்போதைய டீமில் இருப்பவள். அவளும் துடைத்தாள். அவள் வாயிலிருந்து வந்த 'ஹும்'... என் குரலேதான்.

"ஏம்மா, அந்த 'ஹும்' எதுக்கு?"

"அவர வாங்கிக்கணும்ல ஐயா."

"எவர?"

"பேரு தெரியாது. பலகைக்காரர்னு சொல்வாரு கோச். கால தொடச்சி மூச்சு வுட்டா அவரு வந்து எறங்குவாராம். வராரு ஐயா, நெசமா. வலது தோளு அப்பிடியே கனக்கும். அப்புறம் எவ வந்தாலும் என்னத் தள்ள முடியாது."

"கடைசியா எப்ப வந்தாரு?"

"வெள்ளிக்கிழம மத்தியானம். ஃபைனல்ல."

எனக்கு டீ கிளாஸ் நினைவு வந்தது.

"அவரு... இப்ப எங்க இருக்காராம்?"

அபி குரலைத் தாழ்த்தினாள். "செத்து ரொம்ப வருஷமாச்சாம் ஐயா. சீனியருங்க சொன்னாங்க. உசுரோட இருக்கறவரு எப்பிடி ஐயா வந்து எறங்குவாரு?"

வலது தோளைத் தடவிப் பார்த்தேன். எத்தனை வருடம், எத்தனை பேர், எத்தனை பந்தயம்... ஒவ்வொரு தடவையும் என் தோளிலிருந்து கொஞ்சம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்களா?

என் முறை வந்தது. மாலையை வாங்கினேன். மேட்டின் ஓரத்தில் நின்றேன். இடது கால் தானாக எழுந்தது. அப்புறம் வலது. 'ஹும்'.

நாற்பது தலைகளும் திரும்பின. அபி வலது தோளைப் பிடித்துக்கொண்டு ஓரடி பின்னால் போனாள். மாலை போட்டுவிட்டுத் திரும்பினேன். நான் நடக்க நடக்க, கூட்டம் தொடாமல் விலகி வழிவிட்டது. பிணம் போகும்போது விடுகிற வழி.

ஹாலில் சிகாமணிக்குக் கல்வெட்டு வைக்கப் போகிறார்களாம். விழாக் குழுவுக்கு இந்தப் பத்தியையே மனுவாகக் கொடுக்கிறேன். சிகாமணி பெரிய ஆள்தான். என் கோணல் முதுகை நாற்பது பேருக்குச் சொத்தாக்கியவன். ஆனால் 'இடது சாய்வு' என்று பொறிக்கிற இடத்தில், உபயம் என்று என் பெயரும் வரவேண்டும். இனிஷியலோடு, அவன் பெயர் சைஸிலேயே!

ஒன்றே ஒன்று... முன்னால் 'அமரர்' என்று மட்டும் போட்டுவிடாதீர்கள்.