மயிலிறகின் கை

கார் பிறக்கிற வரிசையைச் சொல்லிவிட்டால், அந்தத் தொழிற்சாலையில் அக்கா நிற்கிற இடம் எது என்று தானாக விளங்கிவிடும். ஒரு கோடியில் இரும்புத் தகடு சுருள் சுருளாக உள்ளே போகும். பெரிய எந்திரங்கள் அதை இடித்து இடித்துக் கதவாகவும் கூரையாகவும் ஆக்கும். அடுத்த கொட்டகையில் தீப்பொறி பறக்கப் பற்றவைப்பார்கள். பிறகு குளிப்பாட்டி, பெயிண்ட் அடித்து, சூளையில் உலர்த்தி வெளியே தள்ளுவார்கள். இன்ஜினும் சக்கரமும் சீட்டும் அதற்கப்புறம்தான்.

சூளைக்கும் இன்ஜின் பகுதிக்கும் நடுவில் வெள்ளையாக ஒரு சுரங்கம் உண்டு. சுவரெல்லாம் டியூப்லைட், கூரையெல்லாம் டியூப்லைட், நிழல் விழக்கூட இடமில்லை. அதற்குள் நின்று, மெல்லிய துணிக் கையுறையோடு ஒவ்வொரு கார் உடம்பையும் தடவிப் பார்த்து, பொட்டும் வழிசலும் இருக்கிற இடத்தில் வட்டம் போடுவதுதான் அக்காவின் வேலை. அதனால் டியூப்லைட் அக்கா என்று பேர் வைத்துவிட்டார்கள். லேட்டாகத்தான் எரியும் என்று கேலி வேறு. அவள் கோபித்துக்கொள்ளவில்லை. வைத்தவரே அவள் புருஷன்தான் என்கிறபோது யாரிடம் போய்க் கோபித்துக்கொள்வது?

அவருக்கும் பட்டப்பெயர் உண்டு, மயிலிறகு. பெயிண்ட் அறைக்குள் மனிதர்கள் வேலை பார்த்த காலம் அது. முகமூடியும் வெள்ளை அங்கியுமாக எட்டுப் பேர் பெயிண்ட் பீச்சுகிற துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். அதில் இவர் கை மட்டும் காரைத் தொடாமல் தொட்டுக்கொண்டு போகும்.

எட்டுப் பேருக்குப் பதிலாக இயந்திரக் கை வந்தபோது, அதற்கு வேலை கற்றுக்கொடுக்க அவரைத்தான் கூப்பிட்டார்கள். அந்தக் காலத்துக் கை சொல்லிக் கேட்காது. பூட்டை விடுவித்துத் தொளதொளவென்று ஆக்கிவிட்டு, கைதேர்ந்த ஆள் ஒருவர் அதன் பிடியைப் பிடித்துக்கொண்டு ஒரு காரை முழுசாக அடித்துக் காட்ட வேண்டும். அவர் போன போக்கெல்லாம் அதற்குள் பதிந்துவிடும். அப்புறம் சாகிற வரைக்கும் அதையேதான் செய்யும். சாகிறது என்று சொன்னது மனிதரை அல்ல, இயந்திரத்தை. மனிதர் முதலில் போய்விட்டார்.

பதிவு நடந்த அன்று, அறையின் கண்ணாடிக்கு வெளியே அக்கா நின்றிருந்தாள். பின்கதவின் அடிப்பக்கத்துக்கு வந்தபோது அவர் முகமூடியைத் திருப்பிக் கண்ணாடிப் பக்கம் பார்த்தார். அவள் கையை ஆட்டினாள். அவர் கை ஒரு கணம் அப்படியே நின்றது, பிறகு ஓடியது. மற்றபடி அப்பழுக்கில்லாத ஓட்டம் என்பதால் அந்தப் பதிவையே வைத்துக்கொண்டார்கள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு காரிலும் பின்கதவின் அடியில் ஒரு கட்டைவிரல் அகலத்துக்குப் பெயிண்ட் கொஞ்சம் தடிப்பு. கண்ணுக்குத் தெரியாது. அவள் விரலுக்கு மட்டும் தெரியும். புருஷன் தன்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை ஊரே ஓட்டிக்கொண்டு திரிகிறது என்று அவளுக்கு உள்ளுக்குள் ஒரு கர்வம். சிக்னலில் நிற்கிற காரில்கூடக் குனிந்து பின்கதவைத் தடவிவிட்டு, உள்ளே இருப்பவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள்.

அவர் நுரையீரல் நோயில் இறந்த பிறகுதான் விஷயம் வேறு மாதிரி ஆனது. காரியமெல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பிய அன்று, வழக்கம்போல் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். ஆள் இல்லாத அறை. கூரையிலிருந்து காற்று கீழே இறங்குகிற இரைச்சல். நடுவில் கை எழுந்தது, முதலில் தோள், பிறகு முழங்கை. வேலை தொடங்குமுன் மணிக்கட்டை இரண்டு தடவை உதறியது. அந்த உதறல் அவருடையது. இயந்திரத்துக்கு அதனால் ஒரு பிரயோசனமும் கிடையாது. அக்கா கண்ணாடியை விட்டு விலகிப் போய்விட்டாள். ஆனாலும் மறுநாள் சீக்கிரமே வந்து நின்றாள்.

மற்றவர்கள் அந்தக் கையையே மயிலிறகு என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள். "மயிலிறகுக்கு எண்ணெய் விட்டாச்சா?", "மயிலிறகு இன்னிக்கு மக்கர்." புதிதாகச் சேர்ந்தவர்கள் அது கம்பெனி வைத்த பேர் என்றே நினைத்தார்கள்.

குடும்பத்தாரை உள்ளே விட்டுக் காட்டுகிற நாளில் மகள் வந்தாள். கல்யாணமாகித் தனிக்குடித்தனம் இருப்பவள். கண்ணாடி முன்னால் கொஞ்ச நேரம் நின்றாள், முகம் வெளுத்துப் போயிற்று.

"அம்மா, அப்பா செத்துட்டாருன்னு அதுக்கு யாரும் சொல்லலையா?"

"சும்மா இருடி. அது மெஷின்."

"மெஷின்னா நீ ஏன் தினமும் வந்து பாக்கறே?"

அக்கா கையுறையை மாட்டிக்கொண்டு சுரங்கத்துக்குத் திரும்பினாள். மகள் அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஒருநாள் வரிசையில் ஏதோ கோளாறு. காரைச் சுமந்து வருகிற வண்டி காலியாக அறைக்குள் போய்விட்டது. கைக்கு அது தெரியவில்லை. இல்லாத காருக்கு அது பெயிண்ட் அடித்தது. இல்லாத கூரையை நீவியது, இல்லாத கதவுக்குக் குனிந்தது. பின்கதவின் அடி இருக்க வேண்டிய இடத்தில் நின்றது. அந்த வெறும் காற்றில் அது நின்ற கணம், அக்கா தன்னையறியாமல் கையை ஆட்டிவிட்டாள். ஆட்டிய பிறகுதான் பயம் வந்தது. யாருக்கு ஆட்டினோம் என்ற பயம்.

இப்படியே போயிருக்கும். பெயிண்டை மாற்றினார்கள், வந்தது வினை. புதுப் பெயிண்ட் தண்ணீர் மாதிரி இளகல், துளி கூடினாலும் வழியும். தடிப்பு இருந்த இடத்தில் இப்போது கண்ணீர்க்கோடு போல ஒரு வழிசல், காருக்குக் கார், அதே இடத்தில்.

அதில் வட்டம் போட்டால் காரணம் தேடுவார்கள். தேடினால் கையில் வந்து நிற்பார்கள். அந்தப் பழைய பதிவில் ஒரு துண்டை மட்டும் வெட்டி எடுக்க முடியாது, அழித்தால் முழுசாகத்தான் அழிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். தோள், உதறல், பார்வை எல்லாம் ஒரே நிமிஷத்தில் போய்விடும். ஆயுளில் ஒரு பொட்டைக்கூட விட்டுவைக்காத பொம்பளை, ஈரத் தேய்ப்புத் தாளை இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, வழிசலைத் தானே தேய்த்து மெருகேற்றி அனுப்பினாள். திருட்டு வேலைதான். தெரிந்தேதான் செய்தாள்.

எத்தனை காரைத்தான் தேய்க்க முடியும்? பெயிண்ட் பிரிவு இன்ஜினியர் நல்ல மனிதர், கண்ணும் கூர்மை. கையின் ஓட்டத்தைப் படம் பிடித்து ஓட்டிப் பார்த்திருக்கிறார். நேராகச் சுரங்கத்துக்கே வந்துவிட்டார்.

"அக்கா, உங்களுக்குத் தெரியும்தானே?"

"தூசு சார்."

"தூசு இல்லக்கா. பின்கதவுகிட்ட கை நிக்குது."

அவள் கையுறையைக் கழற்றினாள், மறுபடி மாட்டினாள். "அதை விட்டுருங்க சார். நான் தேச்சுக்கறேன். ரிட்டயர் ஆகற வரைக்கும் நானே தேச்சுக்கறேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். "முடியாதுக்கா. ஞாயித்துக்கிழமை லைன் நிக்கும்போது புதுசா எழுதறோம். அதுக்கு முன்னாடி ஒருவாட்டி மெதுவா ஓட்டறேன். நீங்க வேணா பிடியைப் பிடிச்சுக்கிட்டு கூடவே போங்க. அதுதான் என்னால செய்ய முடிஞ்சது."

ஞாயிற்றுக்கிழமை பகலில் அறையில் காற்று இரைச்சல்கூட இல்லை. பெயிண்ட் வருகிற குழாயை அடைத்திருந்தார்கள். இன்ஜினியர் நிறுத்துகிற பொத்தானில் விரலை வைத்தபடி ஓரமாக நின்றார். அக்கா கையுறை இல்லாமல் பிடியைப் பிடித்தாள். அன்று அவர் பிடித்திருந்த அதே பிடி. சில்லென்று இருந்தது.

கை எழுந்தது. அவளையும் தூக்கிக்கொண்டு எழுந்தது. மணிக்கட்டு இரண்டு தடவை மெள்ள உதற, அவள் மணிக்கட்டும் கூடவே உதறியது. கூரை, கண்ணாடியோரத் தூண், முன்கதவு. எங்கே வேகம், எங்கே நிதானம் என்று அவளைப் பிடித்து அழைத்துக்கொண்டு போனது. அவளுக்குப் பயம் விட்டுப்போய், கல்யாணமான புதிதில் அவர் விரலைப் பிடித்துக்கொண்டு சாலையைக் கடந்த மாதிரி இருந்தது. பின்கதவின் அடிக்கு வந்தபோது அவள் கண்ணாடியைப் பார்த்தாள். அந்தப் பார்வைக்குத் தயாராக நின்றாள்.

கை நின்றது. ஆனால் சும்மா நிற்கவில்லை.

உள்ளங்கைக்குள் ஏதோ குலுங்கியது. ஒரு குலுக்கல், அடக்கப் பார்த்து ஒன்று, அடக்க முடியாமல் இன்னொன்று. வேகமாக ஓடும்போது வெளியே இருந்து பார்க்கிறவர்களுக்கு இது தெரிந்திருக்காது. பிடித்திருக்கிறவளுக்குத் தெரிந்தது. ஆஸ்பத்திரிக் கட்டிலில், கடைசி மாதங்களில், முதுகில் கை வைத்து இவள் தாங்கிக்கொண்ட குலுக்கல் இதுதான். "போன வாரந்தாம்மா ஆரம்பிச்சுது, சளி" என்று ஆஸ்பத்திரியில் சேர்த்த அன்று அவர் சத்தியம் பண்ணியிருந்தார்.

பதிவு நடந்த அன்றைக்கே இருந்திருக்கிறது. அவர் இவளைப் பார்க்கவே இல்லை. இருமல் வந்திருக்கிறது, வேலை கெட்டுவிடக் கூடாதென்று காரிலிருந்து முகமூடியைத் திருப்பியிருக்கிறார். இவளோ கையை ஆட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

"அக்கா, நிப்பாட்டட்டுமா?"

"வேணாம் சார். முடியட்டும்."

கை மிச்சக் காரையும் அடித்து முடித்துத் தாழ்ந்தது. அவள் முகத்தில் கண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, குரல் மட்டும் தெளிவாக இருந்தது.

"அழிச்சிருங்க சார். இத்தனை வருஷமா அந்த மனுஷன் ஒவ்வொரு காருக்கும் இருமிக்கிட்டு இருக்காரு."

இன்ஜினியர் மின்சாரத்தை நிறுத்தும்வரை அவள் பிடியை விடவில்லை.