இளவரசிக்கு மாப்பிள்ளை ரூம் மெத்தை

அந்த மெத்தையைப் போட்டது என் தப்புதான். பெஞ்சு போதும்னு எல்லாரும் சொன்னாங்க. நூறு வருஷம் தூங்குற இளவரசி பெஞ்சுல படுத்தா நல்லாவா இருக்கும்னு நான்தான் வீம்பு புடிச்சேன். மண்டபத்து மாப்பிள்ளை ரூம்ல இருந்த கட்டிலையும் மெத்தையையும் மேடைக்குத் தூக்கியார வெச்சேன். தலைக்கு மேல ஃபேன் வேற.

நாங்க செங்கல்பட்டுல இருந்து தாம்பரம் போற காலை லோக்கல்ல லேடீஸ் பெட்டி கூட்டம். வருஷக்கணக்கா அதே வண்டி, அதே சீட்டு, அதே சண்டை. ஆயுத பூஜைக்குப் பெட்டிக்கு மாலை போட்டு சுண்டல் குடுக்கறதோட நிக்காம, இந்தத் தடவ ஒரு நாடகம் போடலாம்னு நான் வாய விட்டேன். இளவரசிக் கதைங்களைக் கிண்டல் பண்ற நாடகம், பெரியவங்களுக்கு மட்டும். எழுதுனதும் நான், ஆட்டி வெச்சதும் நான். ஒத்திகை பூரா ஓடுற வண்டியிலதான். கூடுவாஞ்சேரில கூட்டம் ஏறிட்டா எங்க இளவரசன் ஒத்தக் கால்ல நின்னுகினு காதல் வசனம் பேசணும். இளவரசன்னா, தபால் ஆபீஸ்ல வேலை செய்யற உயரமான பொண்ணு. கண்மையில மீசை வரைஞ்சா போதும், அவ்ளோ எடுப்பா இருப்பா.

மொத்தம் மூணு இளவரசி. நீளக் கூந்தல்காரிக்கு ஃபிளாட்டு போர்வெல் தண்ணில முடியெல்லாம் கொட்டிப் போச்சு. கோபுரத்துக்குக் கீழ நிக்கற இளவரசனை, "லிஃப்ட் கீது, அதுல வாய்யா"ம்பா. ரெண்டாவது ஒருத்தி, ரயிலேறுறப்ப ஒத்தச் செருப்பத் தண்டவாளத்துல விட்டவ. செருப்பைத் தேடிக் கொண்டாந்தவன்கிட்ட, "புது ஜோடி வாங்கித் தரத் துப்பில்லையா?"ன்னு கேப்பா. மூணாவது தூங்குற இளவரசி. அவ மொத நிமிஷத்துல இருந்து மேடையிலயே படுத்துக் கெடக்கணும். கடைசியில இளவரசன் வந்து எழுப்புவான்.

அந்த வேஷத்தைக் கேட்டு வாங்குனது ஒரு அக்கா. எக்ஸ்போர்ட் கம்பெனியில நாளெல்லாம் நின்னுகினு துணி தேய்க்கறவங்க. விடியறதுக்கு முன்ன எழுந்து இட்லி மாவு அரைச்சு, பாக்கெட் போட்டு, வூட்ல நாலு பேருக்குச் சோறு கட்டிட்டு ஓடியாருவாங்க. உக்கார எடம் கெடைச்சாலும் கண்ண மூட மாட்டாங்க. ஸ்டேஷன் தாண்டிடும்னு பயம். "ஒரே ஒரு வசனம் குடு. ஆனா அது எங்க வூட்டுக்காரர் காதுல விழணும்"னாங்க. எழுதிக் குடுத்தேன். "நூறு வருஷம் ஆச்சா? எனக்குப் பத்தலையே. போய் ஒரு காபி போட்டு எடுத்துகினு வந்து எழுப்பு."

ஒரு மாசம் அதையே சொல்லிச் சொல்லிப் பாத்தாங்க. "கல்யாணமாகி பதினெட்டு வருஷம். வாயத் தொறந்து ஒரு காபி கேட்டதில்ல. மேடையில கேட்டா யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்கல்ல?"ன்னு ஒரு நாள் கேட்டாங்க.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம் நாலு மணிக்கு, ஸ்டேஷன் பக்கத்து மண்டபத்துல நாடகம். அவங்க வூட்டுக்காரர் முன் வரிசை. கடப்பாக்கம் மீனவக் குப்பத்துல இருந்து அக்காவோட பொறந்த வூட்டு சனம் பஸ் புடிச்சு வந்துட்டாங்க. திரை தொறந்துச்சு. லிஃப்ட் வசனம் வர்றதுக்குள்ள கட்டில்ல இருந்து கொறட்டை. நடிப்புன்னு நெனைச்சு சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் பரவால்லயேன்னு நெனைச்சேன். அப்புறம்தான் பாத்தேன், வாய் தொறந்து கெடக்கு, ஒரு கை கட்டிலுக்கு வெளிய தொங்குது. நெஜமாவே தூங்கிட்டாங்க.

வூட்டுக்காரருக்கு அவமானமாப் போச்சு போல. "எழுப்பி உட்டுடறேன்"னு படியேறி வந்துட்டாரு. இளவரசன் அட்டைக் கத்தியைக் குறுக்க நீட்டுனா. "இன்னும் நூறு வருஷம் ஆகலை. போய் உக்காருங்கண்ணா." அந்த மனுஷன் எறங்கிப் போய் உக்காந்துட்டாரு.

அதுக்கப்புறம் நடந்ததை இப்ப நெனைச்சாலும் மெய் சிலிர்க்குது. இளவரசன் கொரலைத் தணிச்சா. மத்தவங்களும் தணிச்சாங்க. மொத்த நாடகமும் கிசுகிசுன்னு நடந்துச்சு. கரையில மீன் ஏலம் கூவிப் பழகுன பொம்பளைங்க முந்தானைய வாயில வெச்சுகினு குலுங்கிக் குலுங்கி சிரிக்கறாங்க, ஒரு சத்தம் இல்ல. மண்டபம் நெறைய சனம். ஒரு நாற்காலி நகரலை. யாரும் யாருக்கும் சொல்லிக் குடுக்கலை. நான் சாமி கும்புடறப்பகூட அப்படி ஒரு அமைதியப் பாத்ததில்ல.

எழுப்புற கட்டம் வந்துச்சு. எழுப்புனா அந்தத் தூக்கம் போச்சு. எழுப்பாட்டி அந்த வசனம் போச்சு. "எழுப்புடி"ன்னு ஓரத்துல இருந்து பல்லக் கடிச்சேன். இளவரசன் கட்டில்கிட்ட போயி பாத்தா, என்னைத் திரும்பிப் பாத்து மாட்டேன்னு தலைய ஆட்டுனா. கட்டில் காலடியில சம்மணம் போட்டு உக்காந்துட்டா. நாடகம் அவ்ளோதான், முடிஞ்சு போச்சு. ஆனா ஒருத்தர் எழுந்திருக்கலை. கைதட்டலை. காத்துகினு இருந்தாங்க.

ரொம்ப நேரம் கழிச்சு ஸ்டேஷன்ல ஒரு வண்டி ஹாரன் அடிச்சுது. அக்கா தூக்கிப் போட்ட மாதிரி எழுந்து கையால ஹேண்ட்பேக்கைத் தேடுனாங்க. கிரீடம் தட்டுப்பட்டுது. கூட்டத்தைப் பாத்தாங்க, இளவரசனைப் பாத்தாங்க. அப்புறம் முன் வரிசையப் பாத்து, நிறுத்தி, ஒரு எழுத்து தப்பாம சொன்னாங்க. "நூறு வருஷம் ஆச்சா? எனக்குப் பத்தலையே. போய் ஒரு காபி போட்டு எடுத்துகினு வந்து எழுப்பு."

அடக்கி வெச்சிருந்த கைதட்டு மொத்தமும் கொட்டுச்சு. அது ஓய்ஞ்சதும் வூட்டுக்காரர் எழுந்து நின்னாரு. கிண்டலுக்கில்ல, நெஜமாவே கேட்டாரு. "சக்கரை எவ்ளோ?"

சனம் மறுபடி சிரிச்சுது. அக்கா சிரிக்கலை. "சக்கரை போடாமதான் குடிக்கறேன். ஆறு வருஷமா"ன்னாங்க. இளவரசி கொரல் இல்ல அது. அவரு மண்டபத்து சமையல்கட்டுப் பக்கம் நடந்தாரு.

மறுநாள் வண்டியில அக்கா, "டயத்துக்குக் கரெக்டா கண்ணத் தொறந்தேன்ல?"ன்னு கேட்டாங்க. "கரெக்டாக்கா"ன்னோம். நாடகம் முடிஞ்சும் சனம் காத்துகினு இருந்ததை இன்னைக்கு வரைக்கும் நாங்க யாரும் சொல்லலை. அக்கா பையில இருந்து ஒரு ஃபிளாஸ்க்கை எடுத்து மூடியில காபி ஊத்தி நீட்டுனாங்க. "அவரு போட்டாரு." கசப்புல கஷாயம் தோத்துச்சு. ஆளுக்கொரு வாய் குடிச்சோம். அக்கா ஜன்னலோரம் நகந்து தலைய சாய்ச்சாங்க.

"தாம்பரம் வந்தா எழுப்புங்கடி"ன்னுட்டு கண்ண மூடிக்கிட்டாங்க.