கசெற்றில் கத்திய கினிக்கோழிகள்

ரூஜ் பகுதியில் உள்ள அண்ணா வீட்டு ரீவியில் ஆபிரிக்கப் புல்வெளி ஓடிக்கொண்டிருந்தது. கினிக்கோழிகள் கத்தத் தொடங்கியதும் எனக்கு வயிறு எரிந்தது.

அப்பா கென்யாவுக்குப் படிப்பிக்கப் போனபோது அண்ணாவை மட்டும் கூட்டிக்கொண்டு போனார். யாழ்ப்பாணத்தில் இருந்த அம்மாவுக்கும் எனக்கும் தன் குரலைக் கசெற்றில் பதிந்து அனுப்புவார். வளவுக்கு வரிக்குதிரை வருமாம், வேலிக்கு மேலால் தீக்கோழி எட்டிப் பார்க்குமாம். அவர் குரலுக்குப் பின்னால் இதே கினிக்கோழிகள் கத்தும். மண்ணெண்ணெய் மணக்கும் குசினியில் இருந்து கேட்டுக் கேட்டு அண்ணாவை நினைத்துப் பொருமுவேன்.

"உங்களுக்கென்ன, எல்லாத்தையும் நேரில பாத்தனீங்கள்," என்றேன்.

அண்ணா ரீவியின் சத்தத்தைக் குறைத்தார்.

"உனக்குக் கசெற் பதியேக்க அப்பா என்னை வெளியில கலைச்சுப்போடுவார். என்னோட ஒருநாளும் அவ்வளவு நேரம் அவர் கதைச்சதில்லை. ஆத்திரத்தில கோழியளுக்குக் கல்லெறிவன். அதுதான் அப்பிடிக் கத்தினதுகள்."